பிடியரிசி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது. மருமகள் கேக் செய்வதற்காக வாங்கியது. போன மாதம் ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அரிசி டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி அதன்மேல் வைத்தேன். 62 கிராம் காட்டியது. மறுபடி அள்ளினேன், 58. என் கை கொஞ்சம் பெரிய கை. ஆயாவின் கை, அப்பாவைப் பெற்றவளின் கை, இதைவிடச் சின்னது. அவள் பிடிக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டேன். நாளுக்கு ஒரு பிடி என்றால் வருஷத்துக்கு 18 கிலோ சொச்சம் வருகிறது.

ஏன் நாளுக்கு ஒரு பிடி என்றால், அப்போது எங்கள் வீட்டில் உலை வைப்பது ஒருவேளைதான். பொழுது சாய்ந்தபின் சோறு. காலையில் பழையது. மத்தியானம் கூழ், அல்லது ஒன்றுமில்லை. பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், காடாம்புலியூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். செம்மண், முந்திரி, நடுநடுவே பலா. நெல் விளைகிற பூமி இல்லை. அரிசி காசு கொடுத்து வாங்குகிற சரக்கு.

அந்த அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்து, கல் பொறுக்கி, உலையில் போடுவதற்கு முன்னால் ஆயா ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையில் இருக்கும் மண்பானையில் போடுவாள். அது வடலூர்ப் பானை. பானை வாயில் ஒரு மூடி, உள்ளே வண்டு வராமல் இருக்க நாலு காய்ந்த மிளகாய். அரிசி இல்லாத நாளில் கேழ்வரகு ஒரு பிடி போகும். அதற்குப் பக்கத்திலேயே தனிக் கலயம்.

அம்மாவுக்கு இதில் சம்மதம் கிடையாது. மாமியாரிடம் நேராகச் சொல்ல முடியாததை எங்களிடம் சொல்வாள். "நம்ம வயிறே காயுது, இதுல ஊருக்கு ஒரு பானையாம்." திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் வடலூர்ப் பானையிலிருந்து ரெண்டு பிடி எடுத்து உலையில் போடுவதும் அம்மாதான். மறுநாள் ஆயா வேலைக்குப் போன நேரம் பார்த்து மூன்று பிடியாகத் திருப்பிப் போட்டுவிடுவாள். ஒரு பிடி வட்டி. ஆயாவுக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். மிளகாய் இடம் மாறிக் கிடப்பதை அவள் கண்டிருக்காமல் இருக்க மாட்டாள். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தவள். வறுத்த கொட்டையைக் கல்மேல் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு பிளக்கக் கூடாது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் ஆயாவின் பத்து விரல் நுனியும் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே மழுங்கிப் போயிருந்தது. அந்தக் கறுத்த விரல்கள் வெள்ளை அரிசியை அள்ளி மூடுவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூடிய கை பானைக்குள் போய்த்தான் திறக்கும். ஒரு மணி வெளியே சிந்தாது.

தை மாதம் பிறந்தால் பானையைக் கவிழ்த்து, படியால் அளந்து, மூட்டை கட்டுவாள். கூடவே கொல்லையில் காய்த்த பறங்கிக்காய் ரெண்டு. நான் சிறுவனாக இருந்தபோது முதலில் கட்டை வண்டியில் போனோம், பிறகு பேருந்தில். நெய்வேலி அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்தால் வடலூர் வரப்போகிறது என்று அர்த்தம்.

வடலூரில் எல்லாரும் பார்க்கப் போவது சத்திய ஞானசபையை. எண்கோண வடிவக் கட்டடம், 1872 தைப்பூசத்தில் திறந்தது. ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். ஆயா ஜோதியைப் பார்ப்பாள், கும்பிடுவாள். ஆனால் கூட்டத்தோடு தூரத்தில் நின்று கும்பிடுவதோடு சரி. சபைக்குள் போக ஆசைப்பட்டதே இல்லை. புலால் மறுத்தவர்கள்தான் உள்ளே வரலாம் என்று அங்கே எழுதி வைத்திருப்பதை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆயா கருவாட்டுக் குழம்பை விட முடியாதவள். தைக்கும் புரட்டாசிக்கும் மட்டும் நிறுத்துவாள். "நான் கவுச்சி திங்கறவ, எனக்கு அங்க என்னா வேல" என்று நேராகத் தரும சாலைக்கு நடந்துவிடுவாள்.

அவளுக்கு வடலூர் என்றால் தரும சாலைதான். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போட இராமலிங்க அடிகள் அங்கே அடுப்பு மூட்டினார். சாலைக்கும் சபைக்கும் 80 காணி நிலத்தை அந்த வட்டாரத்து மக்களே எழுதிக்கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்குமேல். அடுப்பு 21 அடி நீளம் என்பார்கள். நான் பார்த்தபோது நீளத்தைக் கவனிக்கவில்லை, உள்ளே கிடந்த கனலைத்தான் கவனித்தேன். மூட்டிய நாள் முதல் அணைந்ததில்லை என்பது ஊர்ப் பேச்சு. ஆயா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். சபையில் போட்டதைவிட இந்தக் கும்பிடு கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கும்.

1974 தைப்பூசம். எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு புளியமரத்தடியில் பந்தல் போட்டுச் சோறு போட்டார்கள். தைப்பூசத்துக்கு வடலூரைச் சுற்றி எல்லாச் சாலையிலும் இப்படிப் பந்தல்கள் முளைக்கும். இப்போதும் முளைக்கின்றன. தைத்த மந்தாரை இலை, சோறு, பறங்கிக்காய் சாம்பார், ரசம், மோர். எனக்கு முதல் தடவையாகப் பரிமாறும் வேலை கொடுத்தார்கள். ரச வாளி. பித்தளை வாளியில் பாதிக்குமேல் ஊற்றினால் என்னால் தூக்க முடியாது. ஆனாலும் அரைக்கால் சட்டையை இறுக்கிக்கொண்டு, பெரிய மனுஷன் போலப் பந்தியில் நடந்தேன்.

மூன்றாவது பந்தியில், வரிசையின் கடைசியில், தெரிந்த முகம். என்னோடு எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவனின் அப்பா. கைத்தறி நெசவாளி. நூல் விலை ஏறிப் பக்கத்து ஊர்களில் தறிகள் நின்றுபோயிருந்த நேரம் அது. அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

"மாமா, நீங்க எங்க இங்க? வீட்ல சோறாக்கலியா?"

சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "இல்லப்பா, சாமி பிரசாதமாச்சேன்னு..." என்றார். ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்து வைத்திருந்தார். நான் ஊற்றினேன். அடுத்த இலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் இலையை மடித்துக்கொண்டிருந்தார். ரசம் மடிப்பின் ஓரமாக வழிந்தது. சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது, இலைக்குள் கட்டி போலப் புடைத்துத் தெரிந்தது. எழுந்து, கை கழுவுகிற தொட்டிப் பக்கம்கூடப் போகாமல், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டார்.

ஆயா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வந்து வாளியை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தண்ணி மோந்து ஊத்து" என்றாள்.

திரும்பி வரும்போதுதான் பேசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"அந்த மனுசன் இன்னிக்கு ராவும் பட்டினி. ஒன்னாலதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "பரிமாறக்குள்ள எலையப் பாரு. மூஞ்சியப் பாக்காத. சோறு வேணுமா, கொழம்பு வேணுமான்னு எலையே சொல்லும்" என்றாள்.

நான் அழுதுகொண்டே, அவர் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "இப்ப அரிசி தூக்கினு போனியானா, அது அதவிடக் கேவலம். சும்மா இரு" என்று அடக்கிவிட்டாள். பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு ஆயாவுக்குக் கூழ் கொண்டுபோனபோது பார்த்தேன். அவளுக்குப் பக்கத்துக் கல்லில் என் நண்பனின் அம்மா உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். எப்படி அமைந்தது, யார் யாரிடம் பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் மட்டும் அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை. பெஞ்சையும் மாற்றிக்கொண்டான்.

1985-இல் எனக்கு வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. ஆயா இருந்து பார்த்தாள், அதன்பின் மூன்று வருஷம் இருந்தாள். அந்த வேலையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்வதானால், அது விசாரிக்கிற வேலை. நீ யார், எந்த ஊர், எத்தனை பேர், குடும்ப அட்டை எங்கே, வருமானம் எவ்வளவு, உன் புருஷன் செத்துப்போனதற்கு என்ன அத்தாட்சி. மனுவைக் கையில் வாங்கியதும் நாங்கள் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். பொய் சொல்கிறாரா என்று. நாளாக ஆக அதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்தது. முப்பது வருஷம் முகம் பார்த்தவனுக்கு ஒரு முகமும் நினைவில் இல்லை என்பது வேறு விஷயம்.

வேலையில் சேர்ந்த புதிதில் கடலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' கிடைத்தது. மலிவுப் பதிப்பு, அட்டை கிழிந்தது. அடிகளைப் பாட்டாக மட்டும் அறிந்திருந்த எனக்கு அந்த உரைநடை ஓர் அடி கொடுத்தது. பசி வந்தவன் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று ஒரு வைத்தியர் போல அங்கம் அங்கமாக எழுதிக்கொண்டு போகிறார். கண் குழிவது, காது அடைப்பது, நாக்கு உலர்வது. பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுத்து அது. அதைவிட என்னை நிறுத்தியது இன்னோர் இடம். பசித்து வந்தவனிடம் அவன் தேசம் என்ன, சமயம் என்ன, சாதி என்ன, நடத்தை எப்படி என்றெல்லாம் பேதம் பார்த்து விசாரிக்காமல் பசியை மட்டும் ஆற்ற வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். விசாரிக்காமல்! அன்றைக்குக் காலையில்தான் நான் ஒரு கிழவரை, வாரிசுகளின் பட்டியல் சரியில்லை என்று மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

ஆயா இந்தப் புத்தகத்தைப் படித்தவள் இல்லை. தரும சாலையில் யாராவது சொல்லக் கேட்டிருக்கலாம். இல்லை, பரிமாறிப் பரிமாறி அவளாகவே கண்டுகொண்டும் இருக்கலாம். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

விசாரணை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பொதுப்பணத்தைக் கேள்வி இல்லாமல் அள்ளிக் கொடுத்தால் அதை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் பசித்தவர்களாக இருக்க மாட்டார்கள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் விசாரணைக்கென்று ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. அடிகள் சித்திவளாகத்து அறைக்குள் போய் மறைந்தது 1874 ஜனவரியில். இரண்டு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877-இல் சென்னை மாகாணத்துக்கு மேற்பார்வைக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்குப் போட்டார். அதுவும் சும்மா இல்லை. நாள் முழுக்க மண் சுமந்தோ கல் உடைத்தோ தன் பசியை நிரூபிக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், மருத்துவர், இந்தப் படியில் உடம்பு தாங்காது என்று எதிர்த்து எழுதினார். சண்டையே நடந்தது. பசி நிஜமா என்று பார்க்க ஒரு சோதனை வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை நினைத்த அதே காலத்தில், சில நூறு மைலுக்குள் ஓர் அடுப்பு ஒன்றும் கேட்காமல் எரிந்துகொண்டிருந்தது. நான் சம்பளம் வாங்கியது துரை வழியில் வந்த நாற்காலியில் உட்கார்ந்து. சாப்பிட்டு வளர்ந்தது அடுப்பு வழியில் வந்த வீட்டில். இரண்டும் எனக்குள் சண்டை போட்டன என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நாற்காலி சுலபமாக ஜெயித்துவிட்டது. பிடியரிசிப் பானை ஆயாவோடு போயிற்று.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. விடிந்து வெளியே வந்தவர்களுக்கு ஊர் அடையாளம் தெரியவில்லை. மரம் மறைத்திருந்த வீடுகளெல்லாம் தெரிந்தன. பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக் காடு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, வாரிவிட்ட தலைமயிர் மாதிரி. தாத்தா வைத்த பலாமரம் வேரோடு பெயர்ந்து, வேர்க்குழியில் ஆள் இறங்கி நிற்கலாம் போல இருந்தது. மின்கம்பங்கள் ஒடிந்து பல ஊர்களில் பொங்கலும் இருட்டில்தான். முந்திரி மறுபடி வைத்தால் காய்க்க மூன்று நாலு வருஷம். பலா இன்னும் அதிகம். அதுவரை என்ன சாப்பிடுவது என்று யாரிடமும் பதில் இல்லை.

சேதக் கணக்கெடுக்க எங்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். நான் அப்போது துணை வட்டாட்சியர். என்னோடு கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, சிட்டா அடங்கல் பதிவேடுகள். ஓர் ஊரின் ஓரத்தில், ஓடைக்கரையை ஒட்டி, ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். குடிசைக் கூரை போய்விட்டது. தென்னங்கீற்றும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடியிருந்தார். வாசலில் நாலு பலா, ஏழெட்டு முந்திரி, எல்லாம் படுத்துக் கிடந்தன.

"பட்டா யார் பேர்லம்மா?" என்றேன்.

"பட்டாவா? எங்க மாமனாரு வெச்ச மரம் சாமி."

கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். "ஓடைப் புறம்போக்குங்க சார். பி-மெமோ போயிட்டிருக்கு."

புறம்போக்கை அனுபவிக்கிறவர்களுக்கு வருஷாவருஷம் பி-மெமோ போட்டு அபராதம் வசூலிப்போம். அந்த அம்மாவும் கட்டியிருக்கிறார். அபராதம் வாங்குகிறபோது அவர் இன்னார் என்று எங்கள் பதிவேட்டுக்குத் தெரிந்திருந்தது. நிவாரணம் என்றதும் தெரியவில்லை. புறம்போக்கில் இருக்கிற மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று கொடுக்க வழி உண்டு. மரப்பட்டா என்போம். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அந்த அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். படுத்துக் கிடக்கிற மரத்துக்கு என்ன மரப்பட்டா?

"இதுல சேக்க முடியாதும்மா" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயா சொன்ன அர்த்தத்தில் இல்லை, பார்க்கத் தைரியம் இல்லாமல்.

அவர் ஒன்றும் வாதாடவில்லை. "சரி சாமி" என்றார். நாங்கள் திரும்பினோம். "வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் கூழு குடிச்சிட்டுப் போங்க" என்று குரல் வந்தது. தலையாரி தயங்கினார். மணி இரண்டு இருக்கும். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பியது, வழியில் ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. நான் சாய்ந்து கிடந்த பலாமரத்தின் மேல் உட்கார்ந்தேன்.

நசுங்கிய எவர்சில்வர் சொம்பில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது. உள்ளங்கையில் ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். கொடுத்துவிட்டு அந்த அம்மா எதிரில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முறிந்த கிளையிலிருந்து பலா இலைகளை ஆட்டுக்காக ஒடிக்க ஆரம்பித்தார். நான் எவ்வளவு வேகமாகக் குடித்தேன் என்பதை யாரும் பார்க்கவில்லை. சொம்பைக் கீழே வைத்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். நேராகச் சொம்புக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் ஊத்தட்டா?" என்றார்.

அந்த நேரம் எனக்குள் நடந்ததை எழுத வரவில்லை. "போதும்மா" என்று சொன்னேனா, அதுவும் வரவில்லையா என்று இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. என் பெயரை அவர் கேட்கவில்லை. அவர் பெயர் என் பதிவேட்டில் இருந்தது, பி-மெமோ பக்கத்தில்.

அந்த ஊரிலேயே உட்கார்ந்து அவர் சார்பில் ஒரு மனு எழுதி, கைநாட்டு வாங்கி, பரிந்துரையோடு மேலே அனுப்பினேன். பெருவிரல் ரேகை சரியாக விழவில்லை. ரெண்டு தடவை மை தொட்டு வைக்கச் சொன்னேன். அவரும் கொட்டை உடைத்தவர். மனு என்ன ஆயிற்று என்று தெரிவதற்குள் எனக்கு வேறு பிரிவுக்கு மாறுதல் வந்துவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். மாறுதல் வந்தது உண்மை. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை என்பதும் உண்மை.

அந்த வாரம் வீட்டுக்கு வந்து மண்பானை தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

2015 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். குறிஞ்சிப்பாடி பக்கம் முகாமில் இருந்தபோது வெளியூர்களிலிருந்து வேன் வேனாகச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள், சந்தேகமே இல்லை. சில வேன்கள் நிற்காமலே பொட்டலத்தை வீசிக்கொண்டு போயின. சில வேன்கள் நின்றன, பொட்டலத்தின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையை வாங்குபவரும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இடுப்புக் குழந்தையோடு வரிசையில் நின்ற ஒரு பெண், தன் முறை வந்ததும் முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். போட்டோ எடுத்தவர், "கொஞ்சம் நிமிந்து பாருங்கம்மா" என்றார். ரசவாளியோடு பதின்மூன்று வயதில் நான் கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்காவது சொல்லித் திருத்த ஓர் ஆயா பக்கத்தில் இருந்தாள்.

2019-இல் ஓய்வு பெற்று வடலூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு வந்தேன். வாரத்தில் ரெண்டு நாள் தரும சாலைக்குப் போகிறேன். காய் நறுக்குகிற வேலை. பறங்கிக்காயை வயதானவன் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், தோல் கெட்டி, அரிவாள்மணை வழுக்கும் என்று. கத்தரிக்காய், முள்ளங்கிதான் எனக்கு. கூட நறுக்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக நறுக்குகிறார்கள். பந்தியில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், போய்ப் பரிமாறுவேன். முப்பத்துநாலு வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகிறதா? அன்றைக்கு ஒருநாள், இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக ஓர் இளைஞன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இவனுக்கு என்ன குறைச்சல், ஏன் இங்கே, என்று கண் முகத்துக்குத்தான் முதலில் போயிற்று. இழுத்துத் தட்டுக்குக் கொண்டுவந்தேன். சோறு தீர்ந்திருந்தது. போட்டேன். அதுவும் தீர்ந்தது. மூன்றாவது தடவை அவன் கேட்காமலே போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மருமகள் நல்ல பெண். "ஏன் மாமா தினமும் அரிசியோடு மல்லுக்கட்டுறீங்க, மாசம் ஒரு தொகை போன்லயே அனுப்பிடலாமே" என்கிறாள். அனுப்பலாம். அனுப்புகிறவர்கள் அனுப்புவதால்தான் பெரிய பெரிய காரியங்கள் நடக்கின்றன. ஆனால் மாதம் ஒருதரம் விரலால் தொட்டுவிட்டு மறுநிமிஷம் மறந்துவிடுகிறேன். பிடியரிசி தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு என்னைக் கூப்பிடுகிறது. எனக்கு மறதி ஜாஸ்தி. ஆகவே பிடி.

இந்த வருஷம் 21 கிலோ சேர்ந்தது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். நன்கொடை வாங்குகிற மேசையில் ஒரு தம்பி எடை போட்டு, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, "பேர் சொல்லுங்க ஐயா" என்றார்.

"பேரு வேணாம் தம்பி."

"பேர் இல்லாம ரசீது போட முடியாதுங்களே."

அவர் சொல்வதும் நியாயம்தான். நானும் முப்பத்துநாலு வருஷம் அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன், அடுத்த வருஷத்துக்கு வேண்டும்.